கராஜ் சீட்டும் மனச்சாட்சியும்

வாகனம் வைத்திருக்கும் வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சேர்விஸுக்கு விட்ட காரை எடுக்கப் போகிறீர்கள். முகப்பில் நிற்கும் தம்பி ஒரு சீட்டை நீட்டுகிறார். நீங்கள் சொன்ன வேலைகள் மேலே இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே நீங்கள் சொல்லாத ஏழெட்டு வேலைகள்: என்ஜின் உட்கழுவல், இன்ஜெக்டர் துப்புரவு, பிரேக் ஒயில் மாற்றம், ஏ.சி. பில்டர், டயருக்கு நைட்ரஜன், அடிப்பாகத்துக்குத் துருத்தடுப்புப் பூச்சு. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தொகை. எல்லாவற்றுக்கும் மேலே ‘பரிந்துரைக்கப்படுபவை’ என்று ஒரு தலைப்பு. “செய்யட்டுமா, சேர்?” என்று கேட்கிறார் தம்பி. உங்களுக்குப் பின்னால் இன்னும் இருவர் காத்து நிற்கிறார்கள்.

ஆம் என்பதா, இல்லை என்பதா? ஆம் என்றால் ஏமாந்துவிட்டோமோ என்ற சந்தேகம். இல்லை என்றால் ஏதாவது நடந்துவிடுமோ என்ற பயம். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று நம்மில் பலர் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வருகிறோம்.

இது பணப்பை சம்பந்தப்பட்ட காரியம், இதில் மனச்சாட்சிக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். அந்த முகப்பில் இருப்பவர்கள் இருவர் போலத் தோன்றினாலும் உண்மையில் மூவர். முதலாமவர் அறிந்தவர், விற்கிறார். இரண்டாமவர் அறியாதவர், வாங்குகிறார். மூன்றாமவர் அங்கே வரவேயில்லை. அவர் காலி வீதியில் பாதசாரிக் கடவையில் கால் வைக்கும் பள்ளிச் சிறுமியாக இருக்கலாம். ஜம்பட்டா வீதியில் சந்தைப் பையோடு நடந்துவரும் ஒரு தாயாக இருக்கலாம். உங்கள் காரின் பிரேக் பிடிக்குமா என்பது அவருடைய உயிரைப் பற்றிய கேள்வி. ஆனால் ஆம், இல்லை என்று சொல்ல அவருக்கு அங்கே வாய் இல்லை. அறிந்தவனும் அறியாதவனும் பேரம் பேசும்போது, அங்கே இல்லாதவனுக்காக யார் பேசுவது? இதுவே நம் கேள்வி.

இன்று ஏன் இந்தப் பாரம்?

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கான அந்தத் தடை 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. நீங்கிய பின்பும் வரிச்சுமை பெரும்பாலான குடும்பங்களைப் புதிய வாகனத்தின் பக்கம் போகவிடவில்லை. இடையில் 2022 வந்தது. அவ்வாண்டு மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 350 ரூபாவையும் கடந்தது. இறக்குமதியாகும் ஒவ்வொரு உதிரிப்பாகமும் அதே வேகத்தில் விலை ஏறியது. ஐந்து வருடத்தில் மாற்றலாம் என்று நினைத்த கார் பத்து, பன்னிரண்டு வருடங்களாக ஓடுகிறது.

வெள்ளவத்தையின் ஒழுங்கை ஒன்றில் நிற்கும் பழைய வாகன்-ஆர், விட்ஸ் அல்லது மாருதி என்பது ஆடம்பரம் அன்று. அதில்தான் வயது முதிர்ந்த தாயார் கிளினிக்குப் போகிறார். அதில்தான் பிள்ளைகள் மாலை வகுப்புக்குப் போகிறார்கள். கொட்டாஞ்சேனையில் முச்சக்கர வண்டி ஓட்டும் அன்பருக்கோ வண்டிதான் அடுப்பில் எரியும் நெருப்பு. ஆகவே சீட்டில் இருக்கும் ஒரு வரி வெறும் வரி அன்று. ஒன்றுக்கு ஆம் என்றால் வீட்டில் வேறொன்றுக்கு இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் முன்னோர். அளக்க வேண்டுமானால் அளவுகோல் வேண்டும். அது நம்மிடம் இல்லாததுதான் சங்கடம்.

நம்பித்தான் வாங்க வேண்டிய பொருள்

மாம்பழத்தை முகர்ந்து பார்த்து வாங்கலாம். சாப்பாட்டுக் கடையைப் பற்றி ஒருமுறை சாப்பிட்ட பின் தெரிந்துகொள்ளலாம். ஆனால் சில சேவைகள் உண்டு. பணம் கொடுத்து, வேலை முடிந்து, வீட்டுக்கு வந்த பின்பும் அது தேவைதானா, உண்மையில் செய்தார்களா என்று நமக்குத் தெரியாது. 1973ஆம் ஆண்டில் மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இரு பொருளியலாளர்கள் இவ்வகைச் சேவைகளைத் தனியாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். நம்பிக்கையின் பேரிலேயே வாங்கப்படும் பொருள்கள் இவை என்றார்கள். அவர்கள் எடுத்துக்காட்டிய தொழில்களில் ஒன்று வாகனம் திருத்துவது. வைத்தியரும் இதே வரிசையில் வருவார். நோயைக் கண்டுபிடிப்பவரும் மருந்தை விற்பவரும் ஒருவரே என்றால், நோயாளிக்கு நோய் எவ்வளவு என்பதை அவரே தீர்மானிக்கிறார்.

கொழும்பில் இந்தச் சிக்கலுக்கு மேல் இன்னொரு சிக்கல். ஒவ்வொரு காரோடும் உற்பத்தியாளரின் கைநூல் ஒன்று வருகிறது. எந்தக் கிலோமீற்றரில் எதை மாற்ற வேண்டும் என்று அதில் அட்டவணை இருக்கும். விற்கிறவரைச் சாராத சாட்சி அது ஒன்றுதான். ஆனால் ஜப்பானில் பாவித்து இங்கே வந்த கார்களின் கைநூல் ஜப்பானிய மொழியில் இருக்கிறது. சாட்சி வீட்டிலேயே இருக்கிறார். அவர் பேசுவது நமக்கு விளங்கவில்லை. ஆகவே கராஜ் பாஸ்தான் வைத்தியர், அவர்தான் மொழிபெயர்ப்பாளர், அவர்தான் மருந்துக் கடைக்காரர். ஒரு மனிதரிடம் இத்தனை அதிகாரம் சேரும்போது அவர் நல்லவராகவே இருந்தாலும் சோதனை பெரிது.

இந்தக் கைநூல்களில் பலவற்றுக்கு இன்று ஆங்கில வடிவத்தைத் தேடிப் பெறலாம். கைத்தொலைபேசியைக் காட்டியே மொழிபெயர்த்துக்கொள்ளவும் முடிகிறது. வீட்டில் இருக்கும் மகனிடமோ மருமகளிடமோ கேளுங்கள். அரைமணி நேர வேலை. அதைச் செய்யாமல் “எனக்கு ஒன்றும் தெரியாது” என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பது அறியாமை அன்று, சோம்பல்.

மூன்று கூடைகள்

சீட்டில் இருக்கும் வேலைகளை மூன்று கூடைகளில் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இது யாருக்காக?

முதலாவது கூடை உயிருக்காக. பிரேக், டயர், ஸ்டியரிங், விளக்குகள், மழைத் துடைப்பான் ஆகியவை இதில் சேரும். பிரேக் ஒயில் என்று நாம் சொல்லும் திரவத்தை எடுத்துக்கொள்வோம். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் தன்மை உடையது. டொட் 3 எனப்படும் வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. நீர் கலந்த நிலையில் அந்த வரம்பு 140 பாகைதான். நுவரெலியாவிலிருந்து இறக்கத்தில் வரும்போது பிரேக் சூடேறும். திரவம் கொதித்து ஆவியானால் மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. அதனால்தான் பல உற்பத்தியாளர்கள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். நம்முடையது ஈரமான நாடு. சீட்டில் இந்த வரி இருந்தால், கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று பாருங்கள். காலம் கடந்திருந்தால் தயங்க வேண்டாம். டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். அவை 1.6 மில்லிமீற்றர் உயரத்தில் வார்க்கப்பட்டவை. தேய்ந்த டயர் அந்த மேட்டைத் தொட்டுவிட்டால் வாதமே இல்லை. இதை யாரிடமும் கேட்காமல் நீங்களே குனிந்து பார்க்கலாம்.

இரண்டாவது கூடை வண்டியின் ஆயுளுக்காக. என்ஜின் ஒயிலும் அதன் பில்டரும் இதில் தலையானவை. அடுத்து கூலன்ட், காற்று பில்டர், கியர்பெட்டி ஒயில். டைமிங் பெல்ட் உள்ள என்ஜினில் அதை ஏறத்தாழ 100,000 கிலோமீற்றரில் மாற்றச் சொல்வார்கள். அது அறுந்தால் பல என்ஜின்களில் வால்வுகள் பிஸ்டனில் மோதி உள்ளே எல்லாம் நொறுங்கும். ஆனால் இன்றைய பல ஜப்பானிய பெற்றோல் என்ஜின்களில் பெல்ட் இல்லை, சங்கிலிதான் இருக்கிறது. இல்லாத பெல்ட்டுக்குப் பணம் கொடுக்காதிருக்க, உங்கள் என்ஜினில் இருப்பது எது என்று ஒருமுறை தெரிந்துவைத்தால் போதும். ஹைபிரிட் காரில் பின் ஆசனத்தருகே ஒரு காற்றுத்துளை உண்டு. பெரிய பற்றரியைக் குளிர்விக்கும் விசிறிக்குக் காற்று அதன் வழியே போகிறது. அங்கே தூசி அடைத்தால் பற்றரி சூடேறிக் கெடும். அந்தத் துளையைத் துப்புரவு செய்யச் செலவு சொற்பம். பற்றரி மாற்றுவதோ ஒரு குடும்பத்தின் சேமிப்பை விழுங்கும். இந்தக் கூடையில் உள்ளவை விவேகத்தின் வேலைகள். தள்ளிப்போட்டால் உடனே எவரும் சாகமாட்டார்கள். ஆனால் இன்று மிச்சம் பிடித்த காசை நாளை பலமடங்காகத் திருப்பிக் கொடுப்போம்.

மூன்றாவது கூடை சௌகரியத்துக்காக. சில வேளைகளில் விற்பனைக்காக மட்டும். ஒழுங்காக ஒயில் மாற்றிவந்த என்ஜினுக்கு உட்கழுவல் பெரும்பாலான உற்பத்தியாளர்களின் அட்டவணையில் இல்லை. வண்டி திணறாமல், புகை விடாமல், வழக்கமான அளவு பெற்றோலில் ஓடுமானால் இன்ஜெக்டர் துப்புரவுக்கு அவசரமில்லை. நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மீதியையும் நைட்ரஜனாக்கப் பணம் கொடுப்பதை விட, இருக்கும் காற்றின் அளவை மாதம் ஒருமுறை சரிபார்ப்பது டயருக்கு நல்லது. ஏ.சி.யின் உள்பில்டரைப் பல கார்களில் கையுறைப் பெட்டியைக் கழற்றி நீங்களே பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். இந்தக் கூடையில் உள்ளவற்றைச் செய்வது பாவமல்ல. செய்யாமல் விடுவதும் பாவமல்ல. கையில் மிச்சம் இருந்தால் செய்யலாம். முதல் கூடையை ஒத்திவைத்து இதைச் செய்வதுதான் தவறு. பளபளக்கும் காரில் தேய்ந்த டயர் என்பது, பட்டுச்சட்டைக்கு உள்ளே ஆறாத புண் போன்றது.

அவசரத் தீர்ப்பு வேண்டாம்

இதையெல்லாம் வாசித்துவிட்டு, சீட்டில் இருப்பது எல்லாம் கொள்ளை என்று முடிவுகட்டி விடாதீர்கள். அதுவும் அநீதிதான்.

உற்பத்தியாளர் கைநூலைக் கவனமாகப் பார்த்தால் அட்டவணை ஒன்றல்ல, இரண்டு இருப்பதைக் காணலாம். ஒன்று சாதாரண ஓட்டத்துக்கு. மற்றது கடினமான ஓட்டத்துக்கு: குறுந்தூரப் பயணம், நின்று நின்று ஊரும் நெரிசல், வெப்பம், தூசி. காலை 8 மணிக்கு வெள்ளவத்தைச் சந்தியில் நிற்கும் கார் எந்த அட்டவணையைச் சேர்ந்தது? கிலோமீற்றர் மீற்றர் நகராவிட்டாலும் என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆகவே புத்தகத்தில் உள்ள நீண்ட இடைவெளிக்கு முன்பே ஒயில் மாற்றச் சொல்லும் பாஸ் உங்களை ஏமாற்றுகிறார் என்று சொல்லிவிட முடியாது. அவர் இரண்டாவது அட்டவணையைப் பின்பற்றுபவராக இருக்கலாம்.

துருத்தடுப்புப் பூச்சும் அப்படியே. உள்நாட்டில் மலைப்பக்கத்தில் இருப்பவருக்கு அது வீண்செலவாக இருக்கலாம். வெள்ளவத்தையிலோ ஒழுங்கைகள் கடலை நோக்கி இறங்குகின்றன. மரைன் டிரைவ் பக்கமாக இரவு முழுவதும் நிற்கும் கார் உப்புக்காற்றைக் குடிக்கிறது. வீட்டு யன்னல் கம்பிக்கு என்ன நேர்கிறது என்று பார்த்தால் காரின் அடிப்பாகத்துக்கு என்ன நேரும் என்று ஊகிக்கலாம். ஒரே வேலை ஓரிடத்தில் வீண், இன்னோரிடத்தில் விவேகம். அதனால்தான் எல்லோருக்கும் பொதுவான ஒரு பட்டியலை இங்கே தர முடியாது. தரக்கூடியது கேள்வி மட்டுமே.

விற்கிறவரின் நியாயம்

இனி முகப்பில் நிற்கும் தம்பியைப் பற்றிச் சிந்திப்போம். அவர் பொல்லாதவரா?

1992ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து நுகர்வோர் துறை, சியர்ஸ் என்ற மிகப்பெரிய வணிக நிறுவனத்தின் கார் திருத்தும் நிலையங்கள் மீது குற்றஞ்சாட்டியது. அதிகாரிகள் சாதாரண வாடிக்கையாளர்களைப் போலக் கார்களைக் கொண்டுசென்று சோதித்தபோது, தேவையற்ற வேலைகள் மீண்டும் மீண்டும் விற்கப்பட்டது தெரியவந்தது. விசாரித்தால் அடியில் இருந்தது என்ன? முகப்பு ஊழியர்களுக்கு விற்பனையின் மேல் தரகு. வேலை செய்வோருக்கு அளவு இலக்கு. இந்த ஏற்பாடே தவறுகளுக்கு இடமளித்தது என்று நிறுவனத்தின் தலைவரே ஒத்துக்கொண்டார். முகப்பு ஊழியர்களுக்கான தரகு முறை கைவிடப்பட்டது. அங்கே வேலை செய்தவர்கள் எல்லாரும் பிறவித் திருடர்கள் அல்லர். மாத முடிவில் இலக்கு எட்டாவிட்டால் வேலை போகும் என்றிருக்கும் மனிதனுக்கு, ஓரளவு தேய்ந்த பாகம் முற்றாகத் தேய்ந்ததாகவே தெரியத் தொடங்கும். பொய் முதலில் நாவில் பிறப்பதில்லை, கண்ணில் பிறக்கிறது.

ஆகவே கராஜ் நடத்தும் அன்பர்களுக்கும் முகவர் நிறுவனங்களில் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் ஊழியரிடம் நேர்மையை எதிர்பார்த்துக்கொண்டே அவருடைய சம்பளத்தை நேர்மையின்மையில் கட்டிவைக்காதீர்கள். 13ஆம் நூற்றாண்டில் புனித தோமஸ் அக்குவினாஸ் வாங்கல் விற்றலில் நிகழும் வஞ்சகத்தைப் பற்றித் தமது இறையியல் பெருநூலில் தனியாகவே ஆராய்ந்தார். பொருளின் மறைந்த குறை வாங்குபவருக்கு ஆபத்தையோ நட்டத்தையோ தருமானால் விற்பவர் அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்பது அவர் முடிவு. இன்னொன்றும் சொன்னார். வாங்குபவரின் தனிப்பட்ட தேவை பெரிது என்பதற்காக விலையை உயர்த்தக் கூடாது. ஏனெனில் அந்தத் தேவை விற்பவரின் உடைமை அன்று. தன்னிடம் இல்லாததை ஒருவன் எப்படி விற்பது? அந்த நியாயம் அச்சத்துக்கும் பொருந்தும். “செய்யாவிட்டால் என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது, சேர்” என்ற ஒரு வசனம் போதும், பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் தகப்பனிடம் எதையும் விற்றுவிடலாம். அங்கே விற்கப்படுவது வேலை அல்ல, அவருடைய பயம்.

வள்ளுவரும் நடுவுநிலைமை பற்றிய அதிகாரத்தை வணிகரை நினைத்தே முடிக்கிறார். பிறர் பொருளைத் தன் பொருளாகப் பாவிப்பவனே வணிகன் என்பது அவர் கருத்து. கராஜுக்குள் இதைப் பொருத்திப் பார்ப்பது எளிது. இந்தக் கார் என்னுடையது, இந்தச் சம்பளம் என்னுடையது என்றால் இந்த வேலையை இன்று செய்வேனா? செய்வேன் என்றால் சீட்டில் எழுதலாம்.

நம்முடைய அநீதி

பேச்சை இத்தோடு முடித்தால் வாசகருக்கு இனிக்கும். ஆனால் தராசுக்கு இரண்டு தட்டுகள் உண்டு.

பாஸ் ஒருவர் அரைமணி நேரம் வண்டிக்கடியில் படுத்து, எல்லாவற்றையும் சோதித்து, “ஒன்றும் செய்யத் தேவையில்லை, ஐயா, இன்னும் ஆறு மாதம் ஓடும்” என்று சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு என்ன கொடுக்கிறோம்? நம்மில் பலர் ஒரு நன்றியோடு நழுவிவிடுகிறோம். அதே பாஸ் தேவையில்லாத ஒரு பாகத்தை மாற்றியிருந்தால் கேட்ட பணத்தைக் கொடுத்திருப்போம். அதாவது உண்மைக்கு விலை இல்லை, பொய்க்கு விலை உண்டு என்று நாமே அவருக்குக் கற்றுக்கொடுக்கிறோம். கூலியில் 500 ரூபா குறைக்கச் சண்டை பிடிக்கிறோம். அவர் அதைப் பாகத்தின் விலையில் சேர்த்துவிடுகிறார். பிறகு “இந்தக் காலத்தில் யாரையும் நம்ப முடியாது” என்று பெருமூச்சு விடுகிறோம். நேர்மையான ஆலோசனை வேண்டுமா? ஆலோசனைக்குப் பணம் கொடுங்கள். “பார்த்துச் சொல்வதற்கு எவ்வளவு, பாஸ்?” என்று முதலிலேயே கேளுங்கள்.

அடுத்தது சட்டம். 2008ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் வாகனப் புகைப் பரிசோதனை நடைமுறையில் உள்ளது. அந்தச் சான்று இல்லாமல் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது. ஆனால் அந்தச் சோதனை புகையை மட்டும் பார்க்கிறது. உங்கள் சொந்தக் காரின் பிரேக்கையும் டயரையும் ஆண்டுதோறும் அது சோதிப்பதில்லை. அரசு உங்கள் புகையைப் பார்க்கிறது. உங்கள் பிரேக்கை உங்கள் மனச்சாட்சியிடம் விட்டுவிட்டது. கேட்பவர் இல்லாத இடத்தில்தான் கடமை தன் உண்மையான முகத்தைக் காட்டுகிறது. பஞ்சிகாவத்தையில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் பெயர் தெரியாத பிரேக் பேட்டை வாங்கிப் போட்டுவிட்டு, மிச்சம் பிடித்த கதையை வீட்டில் பெருமையாகச் சொல்வோம். அந்த மிச்சம் யாருடைய கணக்கில் இருந்து வந்தது என்று யோசித்ததுண்டா? கடவையில் நின்ற சிறுமியின் கணக்கில் இருந்து வந்திருக்கக் கூடும்.

முச்சக்கர வண்டியை நாள் வாடகைக்கு விடும் அன்பர்களே, உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஓட்டுபவர் வண்டியின் சொந்தக்காரர் அல்லர். அன்றாட வாடகையைக் கட்டியபின் மிஞ்சுவதில்தான் அவர் வீட்டில் உலை கொதிக்க வேண்டும். அவர் பிரேக்கைப் பார்ப்பாரா, பிள்ளையின் பாடசாலைக் கட்டணத்தைப் பார்ப்பாரா? அப்படி ஒரு தேர்வை அவர் முன்னால் வைப்பதே முறையன்று. வாடகை வாங்கும் கை பிரேக்குக்கும் டயருக்கும் கொடுக்க வேண்டும்.

பழைய காரை விற்கும்போது நாமும் ஒரு நாள் அறிந்தவராகிவிடுகிறோம் என்பதையும் மறக்கலாகாது. கியர்பெட்டியில் கேட்கும் சத்தம் நமக்குத் தெரியும். வாங்க வருபவருக்குத் தெரியாது. கராஜ்காரரிடம் எந்த நேர்மையை எதிர்பார்த்தோமோ அதை அன்று நாம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால், நாம் நேர்மைக்காக ஏங்கவில்லை, நமக்கு இலாபமான பக்கத்தில் நிற்க மட்டுமே ஏங்கினோம் என்று ஆகும்.

சந்தேகம் ஒரு புண்ணியமா?

அப்படியானால் யாரையும் நம்பாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனமா? சிலர் அவ்வாறே வாழ்கிறார்கள். நான்கு கராஜுக்குப் போய் நான்கு விலை கேட்டு, நால்வரையும் கள்ளர் என்று சொல்லி, கடைசியில் ஒன்றும் செய்யாமல் வீடு திரும்புகிறார்கள். அவர்களை எவரும் ஏமாற்றவில்லை என்பது உண்மை; ஆனால் பிரேக் அப்படியே இருக்கிறது. எல்லாவற்றையும் நம்புவதும் ஒன்றையும் நம்பாததும் ஒரே குறையின் இரண்டு பக்கங்கள். இரண்டும் சிந்திக்கும் சிரமத்திலிருந்து நம்மை விடுவிக்கின்றன.

நம்பிக்கை என்பது கண்ணை மூடிக்கொள்வது அன்று. சோதித்து, பழகி, சிறிது சிறிதாக வளர்ப்பது. அதற்குச் சில வழிகள் உண்டு. ‘பரிந்துரை’ என்ற ஒரே சொல்லை ஏற்காதீர்கள். “தம்பி, இதில் எது இன்றைக்கே செய்ய வேண்டியது, எது பிறகு செய்தால் போதும், எது செய்யாவிட்டாலும் பரவாயில்லை?” என்று மரியாதையாகக் கேளுங்கள். நேர்மையானவர் மகிழ்ச்சியோடு பிரித்துச் சொல்வார். எல்லாம் இன்றைக்கே என்பவரிடம் சற்று நிதானியுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லுங்கள். முதல் கூடையில் இல்லாத எதையும் ஓரிரவு யோசித்துவிட்டு முடிவு செய்யுங்கள். நாளை செய்தாலும் அதே வேலைதான். ஒரு கொப்பி வாங்கி, திகதி, கிலோமீற்றர், செய்த வேலை மூன்றையும் எழுதிவையுங்கள். நினைவில்லாத வாடிக்கையாளரிடம்தான் அதே வேலை இரண்டு முறை விற்கப்படுகிறது. பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் என்றாவது முறையிட நேர்ந்தால் கையில் ஆதாரம் இருக்க வேண்டும். செலவு பெரிதானால் வேறொருவரிடம் பணம் கொடுத்து அபிப்பிராயம் கேளுங்கள். அவரிடமே வேலையைக் கொடுப்பதாக ஆசைகாட்டாதீர்கள். வேலை கிடைக்காது என்று தெரிந்தவர் சொல்லும் சொல்லுக்குத் தனிப் பெறுமதி உண்டு.

இப்படிப் பழகிய பின் ஒருவர் நேர்மையானவர் என்று கண்டால், அவரை விட்டுவிடாதீர்கள். 1,000 ரூபா மலிவு என்று அடுத்த வீதிக்கு ஓடாதீர்கள். அவருடைய பெயரை அயலவரிடம் சொல்லுங்கள். நல்ல தொழிலாளி நிலைத்து நிற்பது நல்ல வாடிக்கையாளரால்தான். ஒரு தெருவில் நேர்மை பிழைக்குமா, சாகுமா என்பதை அந்தத் தெருவார் செலவழிக்கும் விதம் தீர்மானிக்கிறது.

அடுத்தமுறை அந்தச் சீட்டு உங்கள் கைக்கு வரும்போது மூவரையும் நினைத்துப் பாருங்கள். உங்களுக்காக அளந்து செலவிடுங்கள், அது விவேகம். பாஸுக்கு அவருடைய உழைப்புக்கும் உண்மைக்கும் உரியதைக் கொடுங்கள், அது நீதி. அங்கே இல்லாத அந்த மூன்றாமவருக்காக, முதல் கூடையில் உள்ளதை எந்தப் பேரமும் இன்றிச் செய்துவிடுங்கள். அவர் உங்களுக்கு நன்றி சொல்லப் போவதில்லை. தம்முடைய உயிர் ஒரு நாள் உங்கள் கையில் இருந்தது என்பதே அவருக்குத் தெரியாது. தெரியாமலே அவர் வீதியைக் கடந்து வீட்டுக்குப் போய்ச் சேரட்டும்.